பிலிப்பைன்ஸ் சமையல், கலை, பண்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸ் சாப்பாட்டை முதல்முறை சாப்பிடும் தமிழர் பலர் "காரமும் இல்லை, மசாலாவும் இல்லை" என்று கையை எடுத்துவிடுகிறார்கள். அதன் ருசி வேறு இடத்தில் இருக்கிறது. நெசவும் ஓவியமும் அப்படித்தான். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவற்றின் அருமை பிடிபடும். அதனால் இங்கே செய்முறைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

பிலிப்பைன்ஸ் சமையலின் ஆதாரச் சுவை எது?

புளிப்பு. அதைக் கொடுக்கும் பொருள்தான் ஊருக்கு ஊர் மாறும். விசயாஸ் தீவுகளில் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த வினிகர். மணிலாவுக்கு வடக்கே புலகான் மாகாணத்துப் பவும்போங்கில் நீர்ப்பனையின் கள்ளிலிருந்து எடுத்தது. வடக்கே இலோகோஸில் கருமையான கரும்புச்சாற்று வினிகர். இவை போக புளியங்காய், பிலிம்பிக்காய், பச்சை மாங்காய், கொய்யாப்பழம், கலமான்சி என்ற சிறு எலுமிச்சை.

மேசையில் வைக்கும் தொட்டுக்கொள்ளும் கிண்ணங்களுக்குச் சாவ்சாவன் என்று பெயர். வினிகர், சோயா சாஸ், மிளகாய், பூண்டு, கலமான்சி இவற்றைச் சாப்பிடுகிறவரே தன் நாவுக்கு ஏற்பக் கலந்துகொள்வார். சமைத்தவர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். பாதிச் சமையல் மேசையில்தான் முடிகிறது.

வீட்டில் செய்துவைக்க எளியது இலோயிலோ ஊரின் சினமாக். கொதிநீரில் கழுவி ஈரமில்லாமல் காயவைத்த பாட்டிலில் 15 காந்தாரி மிளகாய், தோலுரித்த ஒரு முழுப் பூண்டு, ஒரு அங்குல இஞ்சி அல்லது பேரரத்தைத் துண்டு, ஒரு தேக்கரண்டி மிளகு போட்டு, அரை லிட்டர் தேங்காய் வினிகர் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். மிளகாய் வினிகருக்கு மேலே மிதந்துகொண்டிருந்தால் பூஞ்சை பிடிக்கும். பாட்டிலை வாய்வரை நிரப்பினால் அந்தத் தொல்லை இல்லை.

அடோபோவைச் சரியாகச் செய்வது எப்படி?

இறைச்சியை வினிகரிலும் உப்பிலும் வேகவைத்துக் கெடாமல் வைத்திருக்கும் முறை, ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. பெயர்தான் ஸ்பானியர் வைத்தது. சோயா சாஸ் சீன வணிகர் வழியாக வந்து சேர்ந்தது. சோயா இல்லாத வெள்ளை அடோபோவையும், பத்தாங்காஸ் பக்கத்தில் மஞ்சள் சேர்த்துச் செய்வதையும் இன்றும் காணலாம்.

ஒரு கிலோ கோழிக்கு (எலும்போடு கூடிய தொடை, கால்) அரை கோப்பை வினிகர், மூன்றில் ஒரு கோப்பை சோயா சாஸ், தட்டிய ஒரு முழுப் பூண்டு, மூன்று பே இலை (bay leaf), ஒரு தேக்கரண்டி முழு மிளகு, ஒரு கோப்பை தண்ணீர். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். முதல் பத்து நிமிடம் மூடவும் கூடாது, கிளறவும் கூடாது என்பது பிலிப்பைன்ஸ் வீடுகளின் விதி. கிளறுவதை விட மூடுவதுதான் கெடுக்கும். மூடினால் வினிகரின் நெடி வெளியேற வழியின்றிக் குழம்பிலேயே தங்கிவிடும். நெடி தணிந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் வேகவிடுங்கள். பிறகு கோழியை மட்டும் எடுத்து எண்ணெயில் சிவக்க வறுத்து, பாதியாக வற்றிய குழம்பில் திரும்பப் போட்டுப் புரட்டி இறக்குங்கள்.

நம் ஊரில் செய்யும்போது நான்கு இடங்களில் தவறு நடக்கிறது. கடையில் விற்கும் செயற்கை வினிகர் தொண்டையை அறுக்கும். கேரளத்து, கோவா கள்ளு வினிகர் கிடைத்தால் அதுவே மிகப் பொருத்தம். இரண்டாவது, நம் பிரிஞ்சி இலையும் பே இலையும் வேறு வேறு மரத்தின் இலைகள். பிரிஞ்சி இலை பட்டை வாசம் கொடுத்து அடோபோவைக் குருமாப் பக்கம் இழுத்துவிடும். மூன்றாவது, தொடக்கத்திலேயே உப்புப் போடுவது. குழம்பு வற்றும்போது சோயாவின் உப்பும் சேர்ந்து கூடிவிடும். கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. நான்காவது அலுமினியப் பாத்திரம். வினிகர் அதை அரித்து உலோகச் சுவையை இறக்கும். மண்சட்டியோ எவர்சில்வரோ போதும். அடுத்த நாள் அடோபோ முதல் நாளை விட நன்றாக இருக்கும். முடிந்தால் முதல் நாளே செய்துவையுங்கள்.

சினிகாங் என்பது நம் ரசம் மாதிரியா?

இரண்டிலும் புளி உண்டு, அதோடு ஒற்றுமை முடிந்தது. சினிகாங்கில் தாளிப்பு இல்லை, பெருங்காயம் இல்லை, பருப்பு இல்லை. பழுத்த புளிக்குப் பதில் பச்சைப் புளியங்காய் போடுவதால், இனிப்பும் பழுப்பு நிறமும் இல்லாத தெளிந்த புளிப்பு கிடைக்கிறது. பழம்புளியைக் கரைத்து ஊற்றினால் நிறம் கறுத்து ரசமும் இல்லாமல் சினிகாங்கும் இல்லாமல் போகும். புளியங்காய் கிடைக்காவிட்டால் பச்சை மாங்காய் அல்லது பிலிம்பிக்காய் போடுங்கள்.

அரைக் கிலோ இறாலுக்கு 200 கிராம் புளியங்காய். அதை ஒரு கோப்பைத் தண்ணீரில் தோல் வெடிக்கும்வரை வேகவைத்து, மசித்து, வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். அரிசியின் இரண்டாவது கழுநீர் ஆறு கோப்பை எடுத்து, ஒரு வெங்காயம், இரண்டு தக்காளி, வட்டமாக நறுக்கிய முள்ளங்கி போட்டு ஏழு நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுத்து கத்தரிக்காய், காராமணிக்காய், கீறாத இரண்டு நீளப் பச்சை மிளகாய். இவை வெந்த பிறகே புளிச்சாறு. புளியை முதலில் ஊற்றினால் காய் எவ்வளவு நேரம் ஆனாலும் விறைப்பாகவே நிற்கும். பிறகு இறால் மூன்று நிமிடம், கடைசியில் வள்ளைக்கீரை ஒரு கைப்பிடி, அடுப்பை அணைத்துவிடலாம். உப்புக்குப் பதில் பதிஸ் என்ற மீன் சாஸ் இரண்டு மேசைக்கரண்டி. கழுநீரில் உள்ள மாவுதான் சாற்றுக்கு மெல்லிய கெட்டித்தன்மை தருகிறது. முதல் கழுநீரில் தூசும் தவிடும் இருக்கும், அதைக் கொட்டிவிடுங்கள்.

கினிலாவ் பச்சை மீனாயிற்றே, பயமில்லாமல் சாப்பிடலாமா?

மீன் எவ்வளவு புதியது என்பதைப் பொறுத்தது. வினிகரின் புளிப்பு மீனின் சதையை வெளுக்கவைத்து இறுகவைக்கும். ஆனால் புழுவையும் கிருமியையும் அது முழுதாகக் கொல்லாது. கரையில் இறக்கிய அன்றே சமைக்கும் ஊர்களின் உணவு இது. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தவிர்க்க வேண்டும்.

வஞ்சிரம் போன்ற கெட்டிச் சதை மீன் அரைக் கிலோவை இரண்டு செண்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, கால் கோப்பை வினிகரில் புரட்டி, அந்த வினிகரைப் பிழிந்து கொட்டிவிடுவார்கள். கவுச்சி அதோடு போய்விடும். பிறகு அரைக் கோப்பை புது வினிகர், பொடியாக நறுக்கிய இஞ்சி, சின்ன வெங்காயம், மிளகாய், உப்பு, கலமான்சிச் சாறு. பத்து நிமிடத்தில் பரிமாற வேண்டும். அரை மணி நேரம் விட்டால் துண்டு சுண்ணாம்புபோல் உதிரும். வடக்கு மிண்டனாவோவில் தபோன் தபோன் என்ற காயின் சாற்றைச் சேர்ப்பார்கள், அதன் துவர்ப்பு மீன் வாடையை அடக்கும். வேறு ஊர்களில் கெட்டித் தேங்காய்ப் பால் ஊற்றிப் புளிப்பைத் தணிப்பதும் உண்டு.

நான் சைவம். அங்கே எனக்கு என்ன கிடைக்கும்?

கொஞ்சம் கவனம் வேண்டும். காய்கறிகள் எல்லாம் நமக்குப் பழகியவை: பாகற்காய், வெண்டை, கத்தரி, பரங்கி, முருங்கைக்கீரை, வாழைப்பூ. ஆனால் காய்கறிப் பண்டம் என்று பட்டியலில் போட்டிருந்தாலும் அதில் பகோங் என்ற புளித்த இறால் அல்லது மீன் விழுது இருக்கும், பதிஸ் இருக்கும், சில சமயம் பன்றித் துண்டுகளும் இருக்கும். இலோகோஸின் பினக்பெட் பார்ப்பதற்கு நம் காய்க் கூட்டு, அதன் உப்பு முழுவதும் பகோங்கிலிருந்து வருவது. பாசிப்பயறுக் குழம்பான முங்கோவைப் பல வீடுகளில் வெள்ளிக்கிழமை சமைப்பார்கள், அதிலும் கருவாடு விழும். "வலாங் கர்னே, வலாங் இஸ்டா, வலாங் பதிஸ், வலாங் பகோங்" என்று நான்கையும் சொல்லிக் கேளுங்கள். இறைச்சி, மீன், மீன் சாஸ், இறால் விழுது எதுவும் வேண்டாம் என்று பொருள். "சைவம்" என்பதற்கு நிகரான ஒற்றைச் சொல்லை நம்பினால் மீன் சாஸ் வந்துவிடும்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: காலையில் தெருவில் கூவி விற்கும் தாஹோ (சூடான மென் டோஃபு, வெல்லப்பாகு, ஜவ்வரிசி), வாழைப்பழத்தை மெல்லிய மாவுத்தாளில் சுருட்டிப் பொரித்த துரோன், வாழையிலையில் கட்டி வேகவைத்த ஒட்டரிசிச் சூமான்.

பிகோல் பகுதியின் லாயிங்கை வீட்டில் சைவமாகச் செய்யலாம். 100 கிராம் உலர்ந்த சேம்பு இலையை மூன்று கோப்பை இரண்டாம் தேங்காய்ப் பாலில், இஞ்சி, பூண்டு, வெங்காயம், மிளகாயோடு போட்டுச் சிறுதீயில் வையுங்கள். இலை பாலை முழுதாகக் குடிக்கும்வரை கிளற வேண்டாம், வெறுமனே அழுத்திவிடுங்கள். கிளறினால் நாக்கு அரிக்கும் என்பது பிகோல் சமையல்காரர்களின் உறுதியான எச்சரிக்கை. அரிப்புக்குக் காரணம் இலையில் உள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள். நன்றாக உலர்ந்த இலையும் முக்கால் மணி நேர வேக்காடும் இருந்தால் பயமில்லை. பச்சை இலையை அவசரமாக வேகவைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் ஒரு கோப்பை முதல் பால் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை வைத்து இறக்குங்கள்.

கரே கரே நம் கறியிலிருந்து வந்ததா?

அப்படி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன் பின்னணி உண்மையான வரலாறு. 1762-இல் பிரிட்டிஷ் படை மதராஸிலிருந்து கப்பலேறிப் போய் மணிலாவைப் பிடித்தது. அதில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764-இல் பிரிட்டிஷார் வெளியேறியபோது சிலர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே கைன்தா என்ற ஊரில் குடியேறி, உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அவர்கள் தங்கள் குழம்பைக் கிடைத்த பொருளை வைத்துச் சமைத்ததுதான் கரே கரே என்பது கதை. அதை உறுதிசெய்யும் பழைய எழுத்துச் சான்று கிடையாது. கைன்தாவில் சிப்பாய்களின் வழித்தோன்றல்கள் இருப்பது மட்டும் உறுதி.

கரே கரே என்பது மாட்டு வாலையும் குடலையும் மணிக்கணக்கில் வேகவைத்து, வறுத்தரைத்த வேர்க்கடலையும் வறுத்த அரிசி மாவும் சேர்த்துக் கெட்டியாக்கி, அனாட்டோ விதையால் நிறமூட்டிய குழம்பு. வாழைப்பூவும் கத்தரியும் காராமணியும் சேரும். குழம்பில் உப்பை வேண்டுமென்றே குறைத்துவிடுவார்கள். பக்கத்தில் வைத்திருக்கும் வதக்கிய பகோங்கை ஒவ்வொரு கவளத்தோடும் கொஞ்சம் தொட்டுக்கொண்டால்தான் அது முழுமையாகும். சப்பென்று இருக்கிறதே என்று ஒதுக்குகிறவர்கள் அந்தக் கிண்ணத்தைத் தொடாதவர்கள்.

பலுட் முட்டையைச் சாப்பிட்டே ஆக வேண்டுமா?

இல்லை. வாத்து முட்டையைச் சுமார் 14 முதல் 18 நாள் அடைவைத்து அவித்தது அது. மணிலாவை ஒட்டிய பத்தேரோஸ் அதற்குப் பேர்போன ஊர். சாப்பிட விரும்பினால் அகன்ற முனையில் சிறு ஓட்டை போட்டு, உள்ளே இருக்கும் சாற்றை முதலில் உறிஞ்சி, பிறகு உரித்து உப்பும் வினிகரும் தொட்டுக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் சிரித்தபடி மறுத்தால் போதும். முகம் சுளித்து வீடியோ எடுப்பதுதான் அவர்களை உண்மையில் புண்படுத்துகிறது.

ஊபே என்பது என்ன கிழங்கு? இங்கே கிடைக்குமா?

யாழ்ப்பாணத்தில் கஞ்சி காய்ச்சும் இராசவள்ளிக்கிழங்கின் இனம்தான். ஊதா நிறச் சர்க்கரைவள்ளி வேறு. அதில் ஊபேயின் வாசம் இருக்காது.

ஊபே ஹலாயா செய்ய, அரைக் கிலோ கிழங்கைத் தோலோடு முழுதாக வேகவைத்து, உரித்து, சூட்டோடு துருவி மசியுங்கள். நறுக்கி வேகவைத்தால் நிறம் தண்ணீரில் இறங்கிவிடும். பச்சைக் கிழங்கு கையை அரிக்கும் என்பதால் அந்த நிலையில் உரிக்கவும் வேண்டாம். 400 மில்லி தேங்காய்ப் பால், ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், 60 கிராம் வெண்ணெய் சேர்த்து, அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் முக்கால் மணி நேரம் கிண்டுங்கள். பாத்திரத்தை விட்டுச் சுருண்டு வரும்போது பதம். கட்டி தட்டினால் கிழங்கு ஆறியபிறகு மசித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இந்த ஹலாயா ஒரு கரண்டிதான் ஹாலோ ஹாலோ என்ற ஐஸ் இனிப்பின் உச்சியில் உட்கார்வது. அடியில் பாகில் வெந்த பயறு, வாழைப்பழம், பலாச்சுளை, தேங்காய் வழுக்கை, ஜெல்லி. மேலே தூளாகச் சீவிய ஐஸ், அதன்மேல் நீர் வற்றக் காய்ச்சிய டின் பால் (evaporated milk). ஐஸை உடைத்துப் போட்டால் தண்ணீர் குடிப்பது போலாகிவிடும், சீவித்தான் ஆக வேண்டும். அடிப்பொருள்களின் பாகும் தனியாகச் சாப்பிட்டால் திகட்டும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், ஐஸ் உருகி அதைச் சரிசெய்யும்.

டினாலாக் துணியை ஏன் இவ்வளவு உயர்வாகப் பேசுகிறார்கள்?

தெற்குக் கொத்தபாத்தோ மாகாணத்தின் லேக் செபுவில் வாழும் டிபோலி மக்களின் நெசவு இது. நூல் அபகா என்ற நார்வாழையின் தண்டிலிருந்து வருகிறது. தண்டின் பட்டையைக் கத்திக்கும் கட்டைக்கும் நடுவே இழுத்துச் சதையை வழித்து நாரை எடுத்து, காயவைத்து, மெல்லியதும் தடித்ததுமாகப் பிரித்து, முனைக்கு முனை முடிச்சுப் போட்டு நீள நூலாக்குகிறார்கள். அதைச் சட்டத்தில் விரித்து, சாயம் ஏறக் கூடாத இடங்களைச் சிறு சிறு முடிச்சுகளால் கட்டுகிறார்கள். வரைபடமும் இல்லை, அச்சும் இல்லை. கோலம் முழுவதும் கட்டுகிற பெண்ணின் நினைவில் இருக்கிறது. வடிவங்கள் கனவில் வருகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை, அபகாவின் காவல் ஆவியான ஃபு டாலு அவற்றைக் கொடுப்பதாகச் சொல்வார்கள்.

கட்டிய நூலைக் கனாலும் என்ற மரத்தின் இலையோடு பல நாள் கொதிக்கவைத்துக் கறுப்பு ஏற்றுகிறார்கள். சிவப்பாக வேண்டிய இடங்களின் கட்டை அவிழ்த்து, நம் மஞ்சணத்தியின் இனமான லோகோவின் வேரில் மறுபடி கொதிக்கவைக்கிறார்கள். எஞ்சிய கட்டுகளை அவிழ்த்தால் நாரின் சொந்த வெளிர்நிறம். பிறகு இடுப்பில் கட்டி இழுத்துப் பிடிக்கும் தறியில் நெசவு. வெயில் ஏறினால் நார் வறண்டு அறுந்துவிடும் என்பதால் காலையிலும் மாலையிலும்தான் நெய்கிறார்கள். முடிந்த துணியைச் சோழியால் அழுத்தித் தேய்த்து மினுமினுப்பு ஏற்றுவார்கள். ஒரு துணிக்கு மாதங்கள் ஆகும். நூறளவு கோலங்களை மனத்தில் வைத்திருந்த லாங் டுலாய் என்ற நெசவாளருக்கு 1998-இல் நாட்டின் உயரிய மரபுக்கலை விருது கிடைத்தது, அவர் 2015-இல் காலமானார்.

வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். அசலில் முடிச்சு முனைகள் விரலில் தட்டும், கோலத்தின் ஓரம் கத்திபோல் நேராக இல்லாமல் சற்றே கலைந்திருக்கும், துணி விறைப்பாக இருக்கும். ஓரம் அச்செடுத்தாற்போல் இருந்தால் அச்சிட்டதுதான். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மடிக்காமல் சுருட்டி வையுங்கள், மடிப்பில் நார் முறியும். துவைக்க வேண்டாம். நெசவு வீட்டுக்குப் போனால் தறியையோ விரித்த துணியையோ தாண்டி நடக்காதீர்கள், அது பெரிய அவமரியாதை.

பரோங் சட்டை அன்னாசி நாரில் நெய்ததா?

நல்லது அப்படித்தான். அக்லான் மாகாணத்தின் கலிபோ அதன் ஊர். அன்னாசியின் நீண்ட இலையை உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டினால் முதலில் முரட்டு நார் வரும், அதன் அடியில் லினிவான் என்ற மெல்லிய நார். அதைத் தேங்காய் ஓட்டால் இன்னும் நயமாகச் சுரண்டி எடுத்து, அலசி, காயவைக்கிறார்கள். இது நூற்கும் நாரல்ல. ஒவ்வொரு இழையையும் விரலால் முடிந்து நீட்டுகிறார்கள், விலை ஏறுவது இந்த இடத்தில்தான். அக்லான் கைத்தறி அன்னாசி நெசவை 2023-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

கடைகளில் இந்தப் பெயரில் தொங்குவதில் பெரும்பகுதி பாலியஸ்டர். பட்டு கலந்த பின்யா சேடா நடுத்தர விலைக்கு நல்ல தேர்வு. வெளிச்சத்தில் பிடித்தால் அசலில் இழைகள் சீரற்றும் நடுநடுவே முடிச்சோடும் தெரியும். சட்டையை உள்ளே செருகாமல், மெல்லிய வெள்ளை உள்சட்டைக்கு மேலே அணிய வேண்டும். கையால் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, நிழலில் உலர்த்துங்கள்.

ஓவியங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

மணிலாவின் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். நுழைவு இலவசம். உள்ளே போனதும் ஹுவான் லூனா வரைந்த ஸ்போலியாரியம் நிற்கும். நான்கு மீட்டருக்கு மேல் உயரம், ஏழரை மீட்டருக்கு மேல் அகலம். கொல்லப்பட்ட ரோமானிய அடிமை வீரர்களை இழுத்துப்போகும் காட்சி. 1884-இல் மாட்ரிட் கண்காட்சியில் அது தங்கப் பதக்கம் வென்றது. ஸ்பெயினின் அடிமை நாட்டிலிருந்து வந்தவர் ஸ்பெயினின் தலைநகரிலேயே வென்றார் என்பதும், அந்த வெற்றியைக் கொண்டாடிய விருந்தில், பின்னாளில் நாட்டின் தேசிய வீரராகக் கொண்டாடப்பட்ட எழுத்தாளர் ஹோசே ரிசால் பேசியதும் விடுதலை எண்ணத்துக்குத் தீ மூட்டின. முதலில் பின்சுவர் வரை விலகி நின்று பாருங்கள், பிறகு வலது பக்க இருட்டில் தரையில் கிடக்கும் பெண்ணிடம் போங்கள்.

ஃபெர்னாண்டோ அமோர்சோலோ 1972-இல் அறிவிக்கப்பட்ட முதல் தேசியக் கலைஞர். அவர் வயல்வெளிப் படங்களில் வெயில் ஆட்களுக்குப் பின்னாலிருந்து வருகிறது. முகம் நிழலில் இருக்க, தலைமுடியிலும் தோளிலும் ஒளி விளிம்பு கட்டியிருப்பதைக் கவனியுங்கள். இனிப்பான படங்கள் என்று சிலர் ஒதுக்குவார்கள். அந்த வெளிச்சத்தை அவர் கையாண்ட விதத்தை வேறு யாரும் எட்டவில்லை என்பது எங்கள் கருத்து. போத்தோங் ஃபிரான்சிஸ்கோவின் சுவரோவியங்களும் இதே கட்டடத்தில் உண்டு. பகியோவுக்குப் போகிறவர்கள் பென்காப் அருங்காட்சியகத்தை விடக் கூடாது, இஃபுகாவோ மக்களின் நெற்களஞ்சியக் காவல் உருவங்களான புலுல் சிலைகள் அங்கே சுவர் முழுக்க இருக்கின்றன. சந்தையில் புகையூட்டிப் பழையதுபோல் ஆக்கிய புலுல்கள் ஏராளம். உண்மையிலேயே பழையதாக இருந்தால் தேசிய அருங்காட்சியகத்தின் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது.

இந்தியாவோடு பழைய தொடர்பு ஏதும் உண்டா?

உண்டு, பெரும்பாலும் ஜாவா, மலாய் உலகம் வழியாக வந்தது. லகுனாவில் கிடைத்த செப்பேடு சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900-ஐச் சேர்ந்தது. ஒருவரின் கடன் தீர்ந்துவிட்டது என்று காவி என்ற பழைய ஜாவா எழுத்தில் சொல்கிறது, நாட்டிலேயே தேதியிட்ட மிகப் பழைய ஆவணம் அதுவே. அகுசானில் 1917-இல் கிடைத்த பொன் தாரா சிலை இப்போது சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு மிகவும் சுவையானது மிண்டனாவோவின் மரனாவ் முஸ்லிம்களிடையே வழங்கும் மகாராடியா லவானா கதை. நம் இராமாயணம்தான், சுருங்கி உருமாறியது. இலங்கை வேந்தன் அங்கே பல தலை கொண்ட லவானா. இராமன் ராடியா மங்கந்திரி. லக்சமனா என்ற பெயர் தம்பிக்கு வரவில்லை, குரங்கு வீரனுக்கு வந்திருக்கிறது.

பரோல் நட்சத்திர விளக்கை வீட்டில் செய்ய முடியுமா?

ஒரு மாலையில் முடியும். அங்கே கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும், டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசைகள் நடக்கும். பரோல் அந்த இருட்டுக்கான விளக்கு.

45 செண்டிமீட்டர் நீளமுள்ள பத்து மூங்கில் பட்டைகள், எட்டு செண்டிமீட்டர் நீளத்தில் ஐந்து குச்சிகள், நூல், பட்டுக் காகிதம், பசை. ஐந்து பட்டைகளை ஒன்றன் மேலும் கீழுமாக மாற்றிப் பின்னி, முனைகளைக் கட்டினால் ஒரு நட்சத்திரம். இன்னொன்றும் செய்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் கட்டுங்கள். உள்ளே பட்டைகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில் குச்சிகளைச் செருகி நிமிர்த்தினால் நட்சத்திரம் உப்பி நிற்கும். காகிதம் ஒட்டி, இரண்டு கீழ்முனைகளில் வால் தொங்கவிடுங்கள்.

பட்டைகளைப் பின்னாமல் அடுக்கினால் நட்சத்திரம் முறுக்கிக்கொள்ளும். ஈர மூங்கில் காய்ந்ததும் சுருங்கிக் கட்டு தளரும், காகிதம் கிழியும். பட்டையின் நடுவில் கணு வந்தால் அங்கே வளையாது. உள்ளே எல்இடி விளக்கு மட்டும் வையுங்கள், சூடாகும் பல்பு காகிதத்தைப் பற்றவைக்கும்.

ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனால் எப்படி நடந்துகொள்வது?

பெரியவரின் வலது கையைப் பிடித்து, குனிந்து, புறங்கையை உங்கள் நெற்றியில் தொட்டு "மானோ போ" என்று சொல்லுங்கள். வீட்டிலுள்ள அண்ணன் வயதினர் கூயா, அக்கா வயதினர் ஆத்தே, முன்பின் தெரியாதவரையும் அப்படியே கூப்பிடுவார்கள். கையில் ஏதாவது தின்பண்டம் கொண்டுபோங்கள். வலக்கையில் ஸ்பூன், இடக்கையில் முள்கரண்டி, கத்தி அநேகமாக இருக்காது. வாழையிலையில் சோற்றையும் மற்றதையும் நடுவில் பரப்பிக் கையால் சாப்பிடும் கமாயன் விருந்தென்றால் தமிழருக்குப் பயிற்சி தேவையில்லை. உங்கள் முன்னால் இருக்கும் பகுதியிலிருந்து எடுத்தால் போதும்.

எந்தத் திருவிழாவுக்குப் போவது?

ஆட்டமும் கொட்டும் பிடிக்குமென்றால் ஜனவரி. மூன்றாவது ஞாயிறு கலிபோவில் அத்தி அத்திஹான், செபுவில் சினுலோக். நான்காவது ஞாயிறு இலோயிலோவில் தினக்யாங். தங்குமிடம் மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும்.

கைவேலை பார்க்க மே 15, கேசோன் மாகாணத்து லுக்பான். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் பஹியாஸ் விழாவில் வீட்டு முகப்பு முழுவதையும் நெற்கதிர், காய்கறி, கிபிங் கொண்டு மூடுகிறார்கள். கிபிங் நம் இலை வடாத்தின் உறவுக்காரன்: நிறமூட்டிய அரிசி மாவுக் கரைசலை இலையின்மேல் மெல்லத் தடவி, ஆவியில் வேகவைத்து, இலை நரம்பு பதிந்தபடி உரித்தெடுத்து, பாரம் வைத்துத் தட்டையாகக் காயவைப்பது. மாவு தடித்தால் காயும்போது வெடிக்கும், நீர்த்தால் இலையை விட்டு வராது. காலை வெயில் ஏறும் முன்பே ஊருக்குள் இருங்கள், விழா முடிந்ததும் அலங்காரத்தைப் பிரித்து வந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். சாப்பிட கிபிங் வேண்டுமென்றால் கடையில் பொரித்து விற்பதை வாங்குங்கள், முகப்பில் தொங்கியதில் நாள் முழுக்கத் தெருப்புழுதி படிந்திருக்கும்.